வெள்ளத் தடுப்பு மண்கரை: மதகுக் குழாய்க்கு நேர் மேலே பள்ளம், கரையடியில் ஈரம். எதை முதலில் பார்ப்பது?

ஈரத்தடம் (பதிவு 1)

முதலில் கரையின் அளவுகள். உயரம் 9 மீட்டர், நீளம் 210 மீட்டர், உச்சி அகலம் 3.5 மீட்டர். நீர்ப்பக்கச் சரிவு 3:1 (கிடையாக 3, உயரத்தில் 1), வெளிப்பக்கச் சரிவு 2.5:1. மழை வெள்ளத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவதற்கென்றே கட்டிய கரை, பாசனம் கிடையாது. வயது 42. கான்கிரீட் மதகுக் கிணறு, அதிலிருந்து கரைக்கடியில் 900 மி.மீ. நெளித்தகட்டுக் குழாய், சுமார் 50 மீட்டர். இடது கோடியில் புல் வளர்ந்த மண் கலிங்கு (மிகைநீர் வழிந்தோடும் இடம்).

கண்ணுக்குத் தெரிகிற குறைகள்: குழாய் போகிற கோட்டுக்கு நேர் மேலே, உச்சியில் 20 செ.மீ. ஆழப் பள்ளம். குழாயின் வெளிவாயிலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கரையடியில் ஈரம். மழையில்லாத மாதத்திலும் அங்கே சம்புக் கோரை வளர்கிறது, மெல்லிய ஓட்டமும் இருக்கிறது. வெளிப்பக்கச் சரிவில் ஏழெட்டு மரங்கள், இரண்டு 30 செ.மீ. பருமன். மாடுகளுக்குத் தண்ணீர் நிற்கட்டும் என்று மதகுக் கிணற்றின் அடித்துளையைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள். அதனால் எப்போதும் 2 மீட்டர் தண்ணீர் நிற்கிறது.

கைவசம் உள்ள பணத்துக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. மரம் வெட்டுவதிலிருந்து தொடங்கலாமா?

கலிங்கோரம் (பதிவு 2)

மரம் காத்திருக்கட்டும். பள்ளமும் ஈரமும் தனித்தனிக் குறைகள் இல்லை. குழாய்க்கு மேலே மண் இறங்கியிருக்கிறது, குழாய் முடியும் இடத்தில் தண்ணீர் வருகிறது. குழாயோ நெளித்தகடு, வயதோ 42. இந்த மூன்றையும் ஒன்றாகப் படியுங்கள்: மண் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. போகிற வழி ஒன்று குழாயின் துருப்பிடித்த ஓட்டை, இல்லையென்றால் குழாயின் வெளிச்சுவரை ஒட்டிய இடுக்கு. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

நெளித்தகடு அடிப்பாகத்தில்தான் முதலில் போகும். எப்போதும் சிறிது தண்ணீரும் மணலும் அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும். மேல்பாதி புதிது போலப் பளபளக்கும்போதே அடித்தகடு காகிதம் மாதிரி ஆகியிருக்கும். வெளிவாயில் நின்று டார்ச் அடித்துப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று எழுதும் அறிக்கைகள் இதனால்தான் உதவுவதில்லை. சக்கரத்தில் ஓடும் கேமராவை உள்ளே விட வேண்டும். ஆளை அனுப்பாதீர்கள். 900 மி.மீ. குழாயில் தவழ்ந்து போக முடியும் என்பதே ஆபத்து. காற்று கெட்டிருக்கும், மேலே மழை பெய்தால் வெளியேற நேரமிருக்காது.

கேமராவில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓட்டை வெளிவாயிலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறது, இணைப்புகள் விலகியிருக்கின்றனவா, குழாய் வட்டமாக இருக்கிறதா அல்லது அமுங்கி முட்டை வடிவமாகிவிட்டதா. உங்கள் சரிவுக் கணக்குப்படி உச்சியின் நடுப்பகுதி கரையடியிலிருந்து ஏறக்குறைய 24 மீட்டரில் வரும். ஓட்டையும் அந்த எண்ணுக்கு அருகில் வந்தால் பள்ளத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நிலைத்தது (பதிவு 3)

கொஞ்சம் பொறுங்கள். குழாயைச் சுற்றித் திமிசு (மண்ணை இடித்து இறுக்குவது) சரியாகப் போட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்டிய சில ஆண்டுகளில் அந்த இடம் 10-20 செ.மீ. அமுங்குவது சகஜம். 42 வருஷம் நின்ற கரை. ஒரு பள்ளத்தைப் பார்த்துவிட்டு உடையப்போகிறது என்று ஏன் பயமுறுத்த வேண்டும்? லாரி மண் கொட்டி நிரவினால் முடிந்தது.

கலிங்கோரம் (பதிவு 4)

அமுக்கமாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பள்ளத்தின் வடிவம் சொல்லிவிடும். மண் அமுங்கிய பள்ளம் எட்டுப் பத்து மீட்டர் நீளத்துக்குத் தட்டுப் போல ஆழமில்லாமல் பரந்திருக்கும். கீழே வெற்றிடம் இருந்தால் ஒன்று இரண்டு மீட்டர் அகலத்தில், ஓரம் செங்குத்தாக, சுற்றிலும் வளைவான வெடிப்போடு இருக்கும். 12 மி.மீ. இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். சீராக எதிர்த்துக்கொண்டே போனால் நல்லது, திடீரென்று 'பொசுக்'கென்று இறங்கினால் வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை விலக்குங்கள். அந்த இடத்தில் ஜேசிபியை ஏற்றாதீர்கள்.

காரணம் தெரியாமல் மண் கொட்டி மூடுவது அறிகுறியை அழிப்பது. மழைத்தண்ணீர் இறங்காதபடி தார்ப்பாய் போடுங்கள், சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு கட்டுங்கள், அவ்வளவுதான். பள்ளத்தின் குறுக்கே ஐந்து முளைகள் அடித்து, தூரத்தில் அசையாத ஒரு மட்டக்கல்லை வைத்து, வாரம் ஒருமுறை லெவல் எடுங்கள். பழைய அமுக்கம் என்றால் எண் மாறாது.

வறண்டகரை (பதிவு 5)

'42 வருஷம் நின்றது' என்ற வாதத்துக்கு வருகிறேன். இந்த வகைக் கரையில் அது மிக பலவீனமான வாதம். ஏரிக்கரை ஆண்டுதோறும் மாதக்கணக்கில் தண்ணீரைத் தாங்கிப் பழகியது. எங்கே கசியும், எவ்வளவு கசியும் என்று ஊருக்கே தெரியும். வெள்ளத் தடுப்புக் கரை அப்படியில்லை. பெரும்பாலான நாட்கள் காய்ந்தே கிடக்கும். உங்கள் கரையில் தண்ணீர் ஏறிய அதிகபட்ச மட்டம் எது? நீர்ப்பக்கச் சரிவில் குப்பை, சருகு ஒதுங்கிய கோட்டைத் தேடுங்கள், பழைய பதிவேட்டைப் பாருங்கள். 4 மீட்டருக்கு மேல் ஏறியதே இல்லையென்றால், மேலே உள்ள 5 மீட்டர் கரை இன்னும் ஒருமுறைகூடப் பரிசோதிக்கப்படவில்லை. அதன் வயது 42 இல்லை, பூஜ்யம்.

முதல் நிரப்பலில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணை எல்லோரும் படிக்கிற பாடம். 1976 ஜூன் 5 காலையில் கசிவைப் பார்த்தார்கள், நண்பகலுக்குள் கரை போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள். 93 மீட்டர் அணையை எதற்கு இழுக்கிறாய் என்று கேட்பீர்கள். சரி, சிறியதைப் பாருங்கள்: கொலராடோவின் லான் லேக், 8 மீட்டர் மண்கரை, 1903-இல் கட்டியது. 1982 ஜூலை 15 அதிகாலையில் உடைந்தது, மூன்று பேர் உயிரிழந்தார்கள். வெளியேற்றுக் குழாயும் வால்வும் சேரும் இணைப்பில் இருந்த ஈய அடைப்பு நைந்து, அதன் வழியாகப் பீய்ச்சிய தண்ணீர் மண்ணை அரித்தது என்பதே விசாரணையில் சொல்லப்பட்ட காரணம். எழுபது வருஷத்துக்கு மேல் நின்ற கரை அது.

காய்ந்து கிடக்கும் களிமண் கரையில் இன்னொரு தொல்லை, வெடிப்பு. நீளவாக்கு வெடிப்பைப் பார்த்துப் பதறுவார்கள், குறுக்கு வெடிப்பைக் கவனிக்க மாட்டார்கள். நீர்ப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை ஓடும் குறுக்கு வெடிப்புதான் எமன். மெதுவாக ஊறும் கசிவுக்கு நேரம் வேண்டும். வெடிப்பில் பாயும் தண்ணீருக்கு வேண்டாம், மட்டம் ஏறிய சில மணி நேரத்திலேயே அரிக்கத் தொடங்கும். 'மூன்று நாள்தானே தண்ணீர் நிற்கும், கரை ஊறுவதற்குள் வடிந்துவிடும்' என்ற ஆறுதல் இங்கே செல்லாது. அரிசோனாவில் இப்படி வெடித்த வெள்ளக் கரைகளுக்கு நடுவில் நெடுகச் செங்குத்தாகக் குழி வெட்டி வடிகட்டி மணல் நிரப்பியிருக்கிறார்கள். வெடிப்பு இருக்கும், ஆனால் அதில் வரும் மண் மணலில் தங்கிவிடும்.

நிலைத்தது (பதிவு 6)

லான் லேக் பற்றித் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈரம் கரையின் வழியாகத்தான் வருகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? நிலத்தடி ஊற்றாக இருந்தால்?

சொட்டுக்கணக்கு (பதிவு 7)

நல்ல கேள்வி, சோதனையும் எளிது. அந்த 2 மீட்டர் தண்ணீரை இறக்குங்கள். ஈரம் குறைந்தால் தேங்கிய தண்ணீர், குறையாவிட்டால் ஊற்று.

அதற்கு முன் ஓட்டத்தை அளக்க வேண்டும். 'கொஞ்சம் வருகிறது', 'நிறைய வருகிறது' என்று எழுதிய பதிவேட்டால் பயனில்லை. ஈரம் ஒரு வாய்க்காலாகச் சேரும் இடத்தில் 90 பாகை வி-நாட்ச் தகடு (V வடிவில் வெட்டிய அளவுத் தகடு) பதியுங்கள். 3 மி.மீ. தகடு போதும், வெட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். தகட்டின் அடியும் பக்கமும் களிமண்ணால் அடைத்து, சுற்றிப் போகாதபடி பாருங்கள். தண்ணீர் தகட்டைத் தாண்டி விழும்போது அடியில் காற்று இடைவெளி தெரிய வேண்டும், ஒட்டி வழிந்தால் அளவு தப்பு. உயரத்தைத் தகட்டிலேயே அளக்காமல், நீர் உயரத்தின் நான்கு மடங்கு தூரம் பின்னால் தள்ளி அளக்க வேண்டும்.

வாய்ப்பாடு: ஓட்டம் = 1.38 × உயரத்தின் 2.5 படி; உயரம் மீட்டரில், ஓட்டம் வினாடிக்குக் கன மீட்டரில். உயரம் 5 செ.மீ. என்றால் வினாடிக்கு 0.77 லிட்டர், 8 செ.மீ. என்றால் 2.5 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும், அதனால் அரை செ.மீ. தவறும் பெரிய தவறு.

அளவை விட முக்கியம் நிறம். ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் கரை கரைகிறது என்று பொருள். தெளிந்த ஒரு லிட்டரை விடக் கலங்கிய கால் லிட்டர் மோசம்.

தேங்கிய தண்ணீர் மட்டம், வி-நாட்ச் உயரம், மழை, நேரம் நான்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒன்று விட்டுப்போனால் மற்ற மூன்றும் வீண்.

கலிங்கோரம் (பதிவு 8)

பலகையை எடுப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே நாளில் உருவாதீர்கள். நாளுக்கு 15-20 செ.மீ. என்ற கணக்கில் இறக்குங்கள். களிமண் சரிவு உள்ளே ஊறியிருக்கும்போது வெளியே தண்ணீர் திடீரென்று இறங்கினால் நீர்ப்பக்கச் சரிவு வழுக்கும். பலகைக்குப் பின்னால் 2 மீட்டர் அழுத்தம் இருக்கும்போது கிணற்றுக்குள் ஆள் இறங்கக் கூடாது, மேலிருந்து கொக்கி போட்டு இழுக்க வேண்டும்.

அந்தப் பலகையே இங்கே ஒரு குற்றவாளி. வெள்ளத்துக்காக ஒதுக்கிய கொள்ளளவில் ஒரு பகுதியை அது தின்றுவிட்டது, கலிங்கு அடிக்கடி ஓடும். குழாயைச் சுற்றியுள்ள மண் ஆண்டு முழுக்க நனைந்தே கிடக்கும், இந்தக் கரை அதற்காகக் கட்டப்படவில்லை. பொதுவாக வெள்ளம் பத்து நாளுக்குள் பெரும்பகுதி வடிந்து அடுத்த மழைக்கு இடம் வைக்க வேண்டும் என்றுதான் இவற்றை வடிவமைப்பார்கள். மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கரைக்கு வெளியே தொட்டி கட்டிக்கொள்ளலாம்.

குழாய்க்குள்குழாய் (பதிவு 9)

குழாயில் ஓட்டை உறுதியானால் தோண்டி எடுத்து மாற்ற வேண்டும் என்று அவசியமில்லை. உள்ளே 750 மி.மீ. எச்டிபிஇ (ஒரு வகை உறுதியான பிளாஸ்டிக்) குழாயைச் செருகி, இரண்டுக்கும் இடையே கிரவுட் (சிமெண்ட் கூழ்) நிரப்பலாம். 'விட்டம் குறைகிறதே, வெள்ளம் வடியாதே' என்பார்கள். நெளித்தகட்டின் சொரசொரப்பு எண் (கூடினால் உராய்வு கூடும்) 0.024, எச்டிபிஇக்கு 0.012. குழாய் நிரம்பி ஓடும்போது, நுழைவு இழப்புக் கெழு 1.0 என்று வைத்துக் கணக்கிட்டால், 50 மீட்டர் நீளத்துக்குக் கொள்திறன் 5-6 சதவீதம்தான் குறைகிறது. 80 மீட்டர் குழாயில் இரண்டும் சமம்.

வறண்டகரை (பதிவு 10)

அதே கணக்கை 20 மீட்டர் குழாய்க்குப் போட்டால் 16-17 சதவீதம் குறையும், அதையும் சொல்லுங்கள். நீளம் குறையக் குறைய உராய்வின் பங்கு சிறுத்து, வாயின் பரப்புதான் பேசும். 900-க்கு 750 என்றால் பரப்பில் 30 சதவீதம் போச்சு. இவர் குழாய் 50 மீட்டர் என்பதால் தப்பித்தார். எல்லாக் கரைக்கும் இதைச் சூத்திரமாக்க வேண்டாம்.

குழாய்க்குள்குழாய் (பதிவு 11)

சரிதான். கிரவுட் போடும்போது நடக்கிற தவறையும் சொல்லிவிடுகிறேன். எச்டிபிஇ மிதக்கும். ஒரே மூச்சில் கிரவுட் ஊற்றினால் உள்குழாய் மேலே எழும்பி வெளிக்குழாயின் கூரையில் ஒட்டிக்கொள்ளும், அங்கே கிரவுட் போகாது. உள்ளே தண்ணீர் நிரப்பி எடை ஏற்ற வேண்டும், இடைத்தாங்கிகள் வைக்க வேண்டும், இரண்டு மூன்று கட்டமாக ஊற்ற வேண்டும். அழுத்தம் அதிகமானால் குழாய் உட்பக்கமாக நசுங்கும். மேல்முனையில் காற்றுப்போக்கி வைத்து, அதில் கிரவுட் நிரம்பி வழிந்த பிறகுதான் நிறுத்த வேண்டும்.

உள்குழாய் போட்டால் ஓட்டை அடைபடும். வெளிச்சுவரை ஒட்டி ஓடும் கசிவு அடைபடாது. அதற்கு வடிகட்டி வேண்டும்.

சல்லடைமணல் (பதிவு 12)

என் பேச்சுக்கு இப்போதுதான் இடம் வந்தது. பழைய கரைகளில் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் வைத்திருப்பார்கள், கசிவுப் பாதையை நீட்டுவதற்காம். வளையத்தின் மூலைகளில் திமிசு இறங்காது, அங்கேதான் மண் இளகலாக நின்றது. இப்போது அவற்றை விட்டுவிட்டு, குழாயின் வெளிமுனைப் பகுதியைச் சுற்றி வடிகட்டி மணல் சுவர் வைக்கிறார்கள். கசிவைத் தடுப்பது நோக்கமில்லை, வரட்டும், மண்ணைத் தூக்கி வரக் கூடாது.

குழாயின் வெளிவிட்டம் எவ்வளவோ அதன் மூன்று மடங்கு இரு பக்கமும் மேலேயும் மணல் நீள வேண்டும், கனம் குறைந்தது 90 செ.மீ. கான்கிரீட்டுக்குப் போடும் கழுவிய மணல் பெரும்பாலான களிமண்ணுக்குப் பொருந்தும். 0.075 மி.மீ. சல்லடையில் இறங்கும் தூசு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மணலே கட்டிப்பிடித்து வெடிக்கும், வெடித்த வடிகட்டி வடிகட்டி இல்லை. மணலைத் தண்ணீர் விட்டு நனைத்து அதிர்வுத் தகட்டால் இறுக்குங்கள். அதன் பின்னால் சரளை, சரளைக்குள் துளையிட்ட குழாய், அது தனியே ஒரு வி-நாட்சுக்குப் போகட்டும்.

ஜியோடெக்ஸ்டைல் துணியை மணலுக்குப் பதிலாகக் கரைக்குள் புதைக்காதீர்கள். அடைத்துக்கொண்டால் மாற்றவே முடியாது. ஈரம் வரும் இடத்தில் களிமண்ணோ சிமெண்டோ பூசி அடைப்பது அதை விட மோசம். வாயை அடைத்தால் தண்ணீர் வேறு வாய் தேடும், உள்ளே அழுத்தம் ஏறும்.

இன்னொன்று, மண்ணின் குணம். சில களிமண் சுத்தமான தண்ணீரில் தானாகவே கரையும், அரிப்பே தேவையில்லை. சிறுநெல்லி அளவு மண்ணுருண்டையைக் கண்ணாடிக் குவளையில் போட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். உருண்டை சரிந்து குவியலாக விழுந்தால் பரவாயில்லை. சுற்றிலும் பால் கலந்தது போல மேகம் பரவினால் அது சிதறும் களிமண். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து மண்ணைப் பிடித்து நிறுத்தி, கெட்ட மண்ணையும் நல்லதாகக் காட்டிவிடும்.

ஈரத்தடம் (பதிவு 13)

மரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எலி வளையும் உண்டு.

கலிங்கோரம் (பதிவு 14)

மெல்லிய செடிகளைத் தரை மட்டத்தில் வெட்டிவிட்டால் போதும். அந்த 30 செ.மீ. மரங்களை வெட்டிவிட்டு அடிக்கட்டையை விடக் கூடாது. வேர் அழுகும்போது கரைக்குள் குழாய் போல வழிகள் திறக்கும். தண்ணீர் இறங்கியிருக்கும் மாதத்தில் கட்டையையும் விரல் பருமனுக்கு மேலான வேர்களையும் எடுத்து, குழியின் ஓரத்தைச் சாய்வாகச் செதுக்கி, 15 செ.மீ. அடுக்குகளாகத் திமிசு போட்டு நிரப்புங்கள். பழைய மண்ணும் புது மண்ணும் ஒட்ட, ஒவ்வொரு அடுக்கையும் கீறிவிட்டு ஈரப்படுத்துங்கள். கையில் உருட்டினால் உருண்டையாகி, விரலில் ஒட்டாத ஈரம். கரையடியிலிருந்து ஐந்தாறு மீட்டர் வரையும் மரம் வேண்டாம்.

வளைக்கு: ஒன்பது பங்கு மண், ஒரு பங்கு சிமெண்ட், கூழ் பதத்துக்குக் கரைத்து, வளையின் மேல்வாயில் ஒரு குழாயைச் செங்குத்தாக நட்டு அதன் வழியாக ஊற்றுங்கள். வாயில் மட்டும் மண் அடைப்பது எலிக்கு ஒரு ராத்திரி வேலை.

கலிங்கை மறந்துவிடாதீர்கள். வேலி, புதர், குவித்த மண், எதுவும் அதில் இருக்கக் கூடாது. உச்சிப் பள்ளத்தின் மட்டத்தைக் கலிங்கு மட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கரை வழியும்போது சராசரி உயரத்தில் வழியாது, தாழ்ந்த இடத்தில்தான் வழியும். உங்கள் கரையில் தாழ்ந்த இடம் குழாய்க்கு நேர் மேலே.

நிலைத்தது (பதிவு 15)

அதற்குள் வெள்ளம் வந்துவிட்டால்?

சல்லடைமணல் (பதிவு 16)

இப்போதே கரையடிக்குப் பக்கத்தில் 20 கன மீட்டர் மணல், 20 கன மீட்டர் சரளை, காலிச் சாக்குகள் குவித்து வையுங்கள், லாரி வர வழியும் இருக்கட்டும். ஈரம் கலங்கலாக மாறினால் 30 செ.மீ. மணல், அதன்மேல் 30 செ.மீ. சரளை, அதன்மேல் பெருங்கல். வேகம் அதிகமாகி மணலை அடித்துக்கொண்டு போனால் முதலில் பெருஞ்சரளை போட்டு வேகத்தை உடைத்து, பிறகு மணல், மறுபடி சரளை. தரையில் மணல் கொதித்து எழுந்தால் சுற்றிச் சாக்கு வளையம் கட்டுங்கள், உள்ளே தண்ணீர் தெளியும் உயரம் வரைதான். முழுக்க நிறுத்தப் பார்க்காதீர்கள்.

மதகுக் கிணற்றுக்கு மேல் சுழி வருவது இயல்பு. வேறு இடத்தில், கரையை ஒட்டிச் சுழி தெரிந்தால் கரைமேல் யாரும் நிற்கக் கூடாது. அந்த நேரத்தில் முதல் வேலை கீழே உள்ளவர்களை வெளியேற்றுவது. யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த வீடு வரை தண்ணீர் போகும் என்ற தாள் முன்பே தயாராக இருக்க வேண்டும். கரை கட்டியபோது வயலாக இருந்த இடத்தில் இப்போது வீடுகள் வந்திருந்தால், கரை மாறாமலேயே அதன் ஆபத்து வகை உயர்ந்துவிட்டது.

ஈரத்தடம் (பதிவு 17)

மூன்று வாரக் கணக்கு. பலகைகளை நாளுக்கு ஒன்றாக எடுத்ததில் தண்ணீர் 2 மீட்டரிலிருந்து 40 செ.மீ.க்கு இறங்கியது. வி-நாட்ச் உயரம் 5 செ.மீ.யிலிருந்து 2.5 செ.மீ. இடையில் மழை இல்லை. குப்பியில் மெல்லிய வண்டல் படிகிறது. கேமராவில் அடித்தகட்டில் மூன்று ஓட்டைகள், பெரியது உள்ளங்கை அகலம், வெளிவாயிலிருந்து 23 மீட்டரில். குழாய் இன்னும் வட்டமாகவே இருக்கிறது. முளைகளில் நடுவில் உள்ளது மட்டும் 6 மி.மீ. இறங்கியிருக்கிறது.

சொட்டுக்கணக்கு (பதிவு 18)

0.77 லிட்டர் 0.14 ஆகியிருக்கிறது. ஊற்று இல்லை, தேங்கிய தண்ணீர்தான். மீதிப் பலகைகளையும் எடுத்துவிடுங்கள்.

கலிங்கோரம் (பதிவு 19)

ஓட்டை 23 மீட்டரில், உச்சியின் நடு 24 மீட்டரில். முளையும் இறங்குகிறது. உச்சியில் வண்டி போகாமல் இரண்டு பக்கமும் கல் நட்டு அடையுங்கள். குழாய் வட்டமாக இருப்பதால் உள்குழாய் போடலாம், வாய்ப்பு இருக்கும்போதே. வரிசை: முதலில் வெளிமுனை வடிகட்டி, அடுத்து உள்குழாய், அதன்பின் பள்ளத்தைத் திறந்து வெற்றிடம் முடியும் வரை தோண்டி அடுக்கடுக்காக நிரப்புவது. மரம் அதற்குப் பிறகு.

நிலைத்தது (பதிவு 20)

வடிகட்டிக்குக் கரையடியைத் தோண்டும்போது எத்தனை மீட்டர் வரை திறக்கலாம்? ஒரேயடியாகத் திறந்தால் சரியாதா?

சல்லடைமணல் (பதிவு 21)

சரியும். அணையில் தண்ணீரே இல்லாத வாரத்தில், 3 மீட்டர் அகலத்துக்கு மேல் திறக்காமல், திறந்ததை அன்றைக்கே மணலால் மூடிவிட வேண்டும். குழியின் சுவர் 1.5:1 சாய்வு. மணல் குவியல் குழிக்குப் பக்கத்தில் வந்து இறங்கிய பிறகுதான் முதல் வாளி மண்ணை எடுக்க வேண்டும்.